‘நீ வர வேண்டாம்’ என்று சிறையிலிருந்து கணவர் எழுதியிருக்கிறார்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த நாலு தாள், இரண்டு பக்கமும் எழுத்து. யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கணவருக்கு 43. ஒரு தேங்காய்க் களத்தில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதியவர். களத்தில் 9 லட்ச ரூபாய் கணக்கில் குறைகிறது என்று முதலாளி புகார் கொடுத்தார். ஒரு நாள் விடியற்காலையில் போலீஸ் வந்து கூட்டிப் போனது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். இப்போது கோவை மத்திய சிறையில் இருக்கிறார். கடிதம் எழுதிய அன்று 41ஆம் நாள். கீழ்க் கோர்ட்டில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. இத்தனை நாளில் இந்தச் சகோதரி ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

போகாததற்குக் காரணங்களை அவரே வரிசையாக எழுதியிருக்கிறார். மாமனார் முதல் நாளே, “நம்மூட்டுப் பொம்பளைக ஜெயில் வாசல்ல போயி நிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வாராவாரம் சந்தைக்குப் போகிறவர், போவதையே நிறுத்திவிட்டார். மாமியார் சர்க்கரை நோயாளி. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மருமகளிடம் வந்து, “எம் பையனெ ஒருக்காக் கண்ணுல காட்டீரு அம்மணி” என்கிறார். வக்கீலின் குமாஸ்தா, “60 நாள் முடிஞ்சா தானா வெளிய வந்துருவாருங்க, அது வரைக்கும் நீங்க அலைய வேண்டாம்” என்றிருக்கிறார். பக்கத்து வீட்டில், “ஜெயில் நோட்டுல உன்ற பேரு ஏறுச்சுன்னா நாளைக்குப் புள்ளைக்குப் பாஸ்போர்ட்டுகூட எடுக்க முடியாது” என்று பயம் காட்டியிருக்கிறார்கள். எட்டு வயது மகளிடம் அப்பா சூரத்துக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நடுவில் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, உள்ளே தனக்கு ஆள் இருப்பதாகவும், 5,000 ரூபாய் ஜிபே பண்ணினால் தனி அறையில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். களத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து, ஒரு பாண்டு பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள்.

இதெல்லாம் போதாதென்று சிறையிலிருந்து கணவரின் கடிதம் வந்திருக்கிறது. “நீ வர வேண்டாம். பாப்பாவையும் கூட்டிட்டு வராதே. என்னை மறந்துட்டு இருங்க.” அதைப் பற்றி இவர் எழுதுகிறார்: “அவரு எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க. இது கோணல்மாணலா, வரி மேலயும் கீழயும் போகுது. மனசு வெறுத்துட்டாரா, இல்ல வேற யாராச்சும் எழுதினாங்களான்னு தெரியலீங்க.” கடைசித் தாளில், போலீஸ் வந்த அன்றைய கதையைச் சொல்லும்போது, போகிற போக்கில் ஒரு வரி: “போன அவசரத்துல கண்ணாடியக்கூட எடுக்கல, இன்னும் டிவி மேலதான் இருக்குது.”

அவருடைய கேள்வி: நான் போகலாமா? போனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அம்மணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அந்தக் கண்ணாடி வரியில் கண் நின்றது. நாற்பதைத் தாண்டிய ஒருவர், நாள் முழுக்கப் பேரேட்டைப் பார்த்தே பழகியவர், கண்ணாடி இல்லாமல் 41 நாளாக உள்ளே இருக்கிறார். அவர் எழுத்து ஏன் கோணலாகப் போனது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. வெறுப்பு என்று நீங்கள் நினைத்தது, வரி தெரியாமல் தடவித் தடவி எழுதிய எழுத்தாக இருக்கலாம். அவர் கையெழுத்துப் போட வேண்டிய மனுக்கள் வரும், குற்றப்பத்திரிகை நகல் வரும். எதையும் அவரால் படிக்க முடியாது. வேறெதற்கும் இல்லாவிட்டாலும் இதற்காகவே நீங்கள் போக வேண்டும்.

“நீ வர வேண்டாம்” என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 22 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். முதல் தடவை உள்ளே போன ஆண்களில் பாதிப்பேராவது இதை எழுதியோ சொல்லியோ அனுப்புகிறார்கள். அந்தக் கோலத்தில் பெண்டாட்டி பிள்ளை பார்க்கக் கூடாது என்ற கூச்சம் அது. அதே ஆண்கள், மனு வந்திருக்கிறது என்று வார்டர் பெயரைக் கூப்பிட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வருவதையும் பார்த்திருக்கிறேன். (மற்ற வாசகர்களுக்கு: சிறையில் சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு ‘மனு’ என்றுதான் பேர். மனு போட்டால்தான் பார்க்க முடியும், அதனால் பார்ப்பதற்கே அந்தப் பேர் நின்றுவிட்டது.) அவருக்கு உண்மையாகவே பார்க்க விருப்பமில்லை என்றால், வர மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவர் அங்கே சொல்லட்டும். நீங்கள் வீட்டிலிருந்தே முடிவு செய்ய வேண்டாம்.

போங்கள். நாள் கடத்தாமல் போங்கள்.

இன்னொன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் கணவர் இன்றைக்குக் குற்றவாளி இல்லை. அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, அவ்வளவுதான். விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் சட்டத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. விசாரணைக் கைதி தன் சொந்தத் துணியைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து துணிமணி, தேவையான பொருள்கள் வாங்கிக்கொள்ள 1894ஆம் வருடத்துச் சிறைச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், அது வேறு. தண்டனை ஆனவர்களைவிட அடிக்கடி வீட்டார் வந்து பார்க்கவும் அவருக்கு இடமுண்டு.

பார்ப்பது யாரோ தயவு செய்து கொடுக்கிற சலுகை என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. அப்படி இல்லை. 1981இல் உச்ச நீதிமன்றத்தில் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கு என்று ஒன்று வந்தது. தில்லி திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். மாதம் ஒரே ஒரு தடவைதான் மகளைப் பார்க்கலாம் என்று விதி வைத்திருந்தார்கள். நீதிபதி பகவதி அந்த விதியை ரத்து செய்தார். குடும்பத்தாரையும் வக்கீலையும் பார்ப்பது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கும் என்றார். சிறை வைப்பதால் ஒருவர் மனிதராக இருப்பது நின்றுவிடுவதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர். எனவே நேரம், நாள், சோதனை எல்லாவற்றுக்கும் அவர்கள் விதி வைக்கலாம். பார்க்கவே கூடாது என்று காரணமில்லாமல் திருப்பி அனுப்ப முடியாது.

நோட்டில் பேர் ஏறினால்

ஒன்றும் ஆகாது. வருகிறவர்களின் பெயர், முகவரி, உறவு, அடையாள அட்டை எண் எல்லாம் பதிவாகும். சில இடங்களில் போட்டோவும் எடுப்பார்கள். அது யார் வந்து போனார்கள் என்ற கணக்கு. அதனால் நீங்கள் குற்றவாளிப் பட்டியலிலோ சாட்சிப் பட்டியலிலோ சேர்ந்துவிட மாட்டீர்கள். பாஸ்போர்ட் விசாரணையில் பார்ப்பது, விண்ணப்பிக்கிறவர் மேல் வழக்கு இருக்கிறதா என்பதை. அப்பா மேல் வழக்கு இருந்தது, அம்மா சிறைக்குப் போய்ப் பார்த்தார் என்று ஒரு பெண் பிள்ளையின் பாஸ்போர்ட்டை நிறுத்த முடியாது. பக்கத்து வீட்டு அக்கா அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதை நம்பி நீங்கள் இழந்தது 41 நாள்.

60 நாள் கணக்கு

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்பட வைத்த இடம். கடிதம் கைக்கு வந்த அன்றே போன் செய்து இதை மட்டும் சொல்லிவிட்டேன். இதே கணக்கை நம்பி உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன்.

60 நாள் ஆனால் தானாக யாரும் வெளியே வருவதில்லை. சட்டம் சொல்வது இதுதான்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 187(3)இன்படி, போலீஸ் அந்தக் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்கும் உரிமை கைதிக்கு வருகிறது. கேட்க வேண்டும். ஜாமீன் மனு போட வேண்டும். கேட்காமல் இருந்து, 63ஆம் நாள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். முந்தி மனு போட்டுவிட்டால், அப்புறம் அவசர அவசரமாகக் குற்றப்பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாலும் உரிமை போகாது. 2020இல் எம். ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மனு தயாராக இருந்து, 61ஆம் நாள் காலையில் கோர்ட் திறக்கும்போது உள்ளே போக வேண்டும்.

அதற்கு முன்னால் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து என்னென்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைக்கு இருந்தவர் பணத்தைக் கையாடல் செய்தார் என்பது மட்டும் என்றால், அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 316(4), அதிகபட்சம் 7 வருடம், கெடு 60 நாள். போலிப் பத்திரம், கள்ளக் கையெழுத்து என்று பெரிய பிரிவு ஏதாவது சேர்த்திருந்தால் கெடு 90 நாளாகிவிடும். குமாஸ்தா எந்த எண்ணத்தில் 60 என்று சொன்னார் என்பதை வக்கீலிடம் நேரே கேளுங்கள்.

இன்னொரு விஷயம், அது வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தால் திருப்பூர் மாவட்ட செஷன்ஸ் கோர்ட் இருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றம். ஆரம்பத்தில் விசாரணை நடக்கிறது என்று மறுத்த ஜாமீனை, ஒரு மாதம் கழித்துக் கொடுப்பது சர்வ சாதாரணம். உங்கள் வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்கத் திணறுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், காவலில் இருப்பவர் என்பதால் அவருக்கும், பெண் என்பதால் உங்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யலாம். தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் நேரிலும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று பார்ப்பார்கள் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. ராத்திரி பகலாக உழைக்கிற இளம் வக்கீல்கள் அதில் இருக்கிறார்கள்.

மனுவுக்குப் போகிற நாள்

கிளம்பும் முன்னால் இரண்டு வேலை. அவர் இன்னும் கோவையில்தான் இருக்கிறாரா என்று வக்கீல் மூலமோ சிறை அலுவலகத்துக்குப் போன் செய்தோ உறுதி செய்துகொள்ளுங்கள். விசாரணைக் கைதிகளை இடம் மாற்றுவது உண்டு. எந்த நாள், எத்தனை மணி வரை மனு வாங்குகிறார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். ஆன்லைனில் தேசியச் சிறைத் தகவல் தளத்தில் ‘இ-முலாகாத்’ என்ற பகுதியில் முன்பதிவு செய்யவும் வசதி இருக்கிறது. மாநிலம், சிறை, கைதியின் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும். வீடியோவில் பார்ப்பதற்கும் அதே வழிதான். பக்கத்து நெட் சென்டரில் போட்டுக் கொடுப்பார்கள்.

காங்கேயத்திலிருந்து பல்லடம் வழியாக வருகிற பஸ் சிங்காநல்லூரில் நிற்கும். அங்கிருந்து காந்திபுரம் டவுன் பஸ். சிறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே, நஞ்சப்பா ரோட்டில். வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. அந்தக் கல் செக்கை இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் நிற்பது கேவலம் என்று உங்கள் மாமனார் சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வழக்கு வேறு, காலம் வேறு, ஒப்பிடவில்லை. ஆனால் அந்த மதிலுக்கு வெளியே மனுப் போட்டுக் காத்திருந்த குடும்பங்களின் வரிசை நூறு வருடத்துக்கு மேல் நீளமானது. நீங்கள் தனியாக நிற்கப் போவதில்லை.

ஆதார் அசலும் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதாரில் இன்னும் அப்பா பெயரும் பிறந்த ஊர் விலாசமும்தான் இருக்கிறது என்றால் ரேஷன் கார்டையும் சேர்த்து எடுங்கள். அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கும், உறவு கேட்டால் காட்டலாம். வழக்கின் குற்ற எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. பையையும் வெளியே வைக்க வேண்டியிருக்கும். சோதனை செய்வார்கள். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கைதிகளோ மற்ற பார்வையாளர்களோ பார்க்கிற இடத்தில் கூடாது.

பலகாரம் செய்து கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சமைத்த உணவை வாசலிலேயே திருப்பிவிடும் வாய்ப்புதான் அதிகம். பல வருடத்துக்கு முன்னால், ஒரு கிளைச் சிறை வாசலில், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு (போளி) கொண்டுவந்திருந்தார். மகனுக்குப் பிடிக்கும் என்று வீட்டுக்காரம்மா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து சுட்டதாம். விடவில்லை. மகனைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்தத் தூக்குப்போசியைத் திறந்து, புளியமரத்தடியில் காத்திருந்த எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கறுப்புக் கோட்டோடு நின்றிருந்த எனக்கும் ஒன்று. “அவன் சாப்பிட்ட மாதிரி இருக்கட்டும் சாமி” என்றார். அது ஆறிப்போயிருந்தது, தேங்காய் வாசம் மட்டும் போகவில்லை. அவருக்கு முன்னாடியே யாராவது விதியைச் சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திருக்காது என்று இன்றைக்கும் நினைப்பேன். அதனால்தான் உங்களுக்கு இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

பணத்தை அவர் கையில் கொடுக்க முடியாது. சிறையில் கைதியின் பெயரில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், அதில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே கேன்டீனில் அவர் வேண்டியதை வாங்கிக்கொள்வார். வாசலில் யாராவது, “எங்க பையனுக்கு இதெ மட்டும் குடுத்தருங்கக்கா” என்று ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினால், அது பீடிக்கட்டாக இருந்தாலும் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு வாங்கி, உள்ளே சிம் கார்டோ கஞ்சாவோ பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல் வரும். தடை செய்த பொருளைச் சிறைக்குள் கொண்டுபோவதே தனிக் குற்றம்.

அந்த 5,000 ரூபாய் ஆளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனு பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. தனியாக, யார் காதிலும் விழாமல் பேசும் ஏற்பாடு வக்கீலுக்குத்தான் உண்டு. அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள்.

பார்க்கும்போது என்ன பேசுவது

சில சிறைகளில் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேச வேண்டும். சில இடங்களில் நடுவில் கண்ணாடி, காதில் இண்டர்காம் போன். எப்படியானாலும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள், கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்கள் அந்த நேரத்தை அழுதே செலவழித்துவிட்டு, பஸ் ஏறின பிறகு கேட்க மறந்ததையெல்லாம் நினைத்து மறுபடியும் அழுவார்கள். அழுகை வரத்தான் செய்யும். அதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்க வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, மாத்திரை ஏதாவது வேண்டுமா. எந்தத் துணி வேண்டும். வக்காலத்து, மனு எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, படித்துப் பார்த்துப் போட்டாரா. சிறையிலிருந்து வீட்டுக்குப் போன் பேசும் வசதி உண்டு, அதற்கு உங்கள் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா எப்போது என்று அவருக்குத் தெரியுமா. இவ்வளவு போதும்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அங்கே கேட்காதீர்கள்: “நிசமாவே எடுத்தீங்களா?” அது உங்கள் நெஞ்சில் 41 நாளாக உட்கார்ந்திருக்கும் கேள்வி என்று எனக்குத் தெரிகிறது. நாலு தாளில் ஓரிடத்திலும் “அவர் எடுத்திருக்க மாட்டார்” என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததை நான் தப்பாக நினைக்கவில்லை. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதைச் சாட்சியாகச் சொல்லும்படி மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழுந்தால் அந்தப் பாதுகாப்பு அவர் வாயைக் கட்டாது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பத்து நிமிஷத்தில், கம்பிக்கு நடுவே, பத்துப் பேர் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. அவர் வெளியே வந்த பிறகு, நம் வீட்டுத் திண்ணையில், நீங்கள் கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. போய்ப் பார்ப்பதால் அவர் செய்ததை, செய்திருந்தால், நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

களத்து ஆட்கள் கொண்டுவந்த பாண்டு பேப்பரிலும் கை வைக்காதீர்கள். நீங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடாத வரை கணவர் மேல் சொல்லும் தொகைக்கு நீங்கள் பொறுப்பில்லை. போட்டுவிட்டால் பொறுப்பாகிவிடுவீர்கள், அப்புறம் உங்கள் பெயரில் இருக்கும் தோட்டத்துப் பங்கு வரைக்கும் வரும். “வாபஸ்” என்பதும் அவர்கள் நினைத்த மாதிரி நடக்காது. இந்த வகை வழக்கைச் சமாதானமாக முடிக்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். சமாதானம் பேசுவது கெட்டதில்லை, நல்ல வழியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை அவர் வெளியே வந்த பிறகு, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, வக்கீலை வைத்துக்கொண்டு பேச வேண்டும். அதுவரை, “அவர் வரட்டுங்க, பேசிக்கலாம்” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

மாமாவும் அத்தையும்

உங்கள் மாமனாரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதிலேயே அவர் நிலைமை தெரிகிறது. நாலு பேர் முகத்தில் முழிக்கத் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார், அவரும் ஒரு வகையில் ரிமாண்டில்தான் இருக்கிறார். உங்களைப் போகக் கூடாது என்று தடுக்கச் சட்டப்படி அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இதைச் சட்டம் பேசி ஜெயிக்க வேண்டாம். அனுமதி கேட்காதீர்கள், கேட்டால் அவர் மறுக்கத்தான் வேண்டும், ஏற்கெனவே சொன்ன சொல் இருக்கிறதே. “நாளைக்கு அத்தையெக் கூட்டிட்டுக் கோயமுத்தூரு போயிட்டு வர்றேனுங்க மாமா. கண்ணாடியக் குடுத்துட்டு வந்தர்றோம்” என்று தகவலாகச் சொல்லுங்கள். கண்ணாடி என்றால் அவரும் மறுத்துப் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். அத்தையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். நிற்க வேண்டியிருக்கும், அதனால் நேரத்துக்குச் சாப்பிட வைத்து, மாத்திரையைக் கொடுத்து, காத்திருக்கும்போது கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும்.

பாப்பா

முதல் தடவை கூட்டிப் போக வேண்டாம். குழந்தைகள் வரக் கூடாது என்று விதி இல்லை, நிறையக் குழந்தைகள் வருகிறார்கள். ஆனால் உங்களுக்கே அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நீங்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால்தான் அவளைத் தயார் செய்ய முடியும். நடுவில் போனிலோ வீடியோவிலோ பேச வைக்கலாம். அப்புறம் அவள் கேட்டால், அவரும் சம்மதித்தால், கூட்டிப் போங்கள்.

ஆனால் சூரத் கதையை நிறுத்துங்கள் அம்மணி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் இருக்காது. வேறு ஒரு பிள்ளை வாயிலிருந்து அவள் கேட்பதற்கு முன் உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும். எட்டு வயசுப் பிள்ளைக்கு எஃப்.ஐ.ஆர். வரை சொல்ல வேண்டியதில்லை. “அப்பா சூரத்துல இல்லெ கண்ணு. களத்துக் கணக்குல ஒரு தகராறு. கோர்ட்ல விசாரிச்சிட்டிருக்காங்க. அது வரைக்கும் அப்பா கோயமுத்தூர்ல ஜெயில்ல இருக்கோணும். உம்மேல கோவிச்சுட்டுப் போகல.” இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அப்பா திடீரென்று காணாமல் போனால், தான் ஏதோ தப்பு செய்ததால்தான் என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. ஒரு வழக்கில் ஒரு சிறுவன் தன் உண்டியல் பணத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டி, “நான் பென்சில் பாக்ஸ் கேட்டனால தான் அப்பா காசு எடுத்தாருங்களா?” என்று கேட்டான். அதற்கு மேல் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

வரைந்த படம், பள்ளிக்கூடத்தில் எழுதிய நாலு வரி எதையாவது அவள் கொடுத்தால் கடிதத்தோடு அனுப்புங்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், வழக்கைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

ஜாமீன் கிடைத்த பிறகு ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். இந்த மாதிரி நேரத்தில் சொந்தக்காரர்கள் போன் எடுக்க மாட்டார்கள். ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளாகியும் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். ஆக, யாரும் வரவில்லை என்பதற்காக அவர் உள்ளேயே கிடக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு வேலை இது: இன்றைக்கு ராத்திரியே டிவி மேலிருந்து அந்தக் கண்ணாடியை எடுங்கள். தூசியைத் துடைத்து, கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் எங்காவது இருக்கும், அதைத் தேடி எடுத்து இரண்டையும் ரேஷன் கார்டோடு ஒரே பையில் வையுங்கள். வாசலில் கண்ணாடியைச் சோதித்துத்தான் வாங்குவார்கள். சீட்டு இருந்தால் கேள்வி குறையும். அன்றைக்கு வாங்க மாட்டேன் என்றால் சிறையின் நல அலுவலர் யார் என்று கேட்டு அவரிடம் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கண்ணாடி கைக்குப் போன பிறகு அவர் எழுதும் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். எழுத்து பழையபடி ஆகிவிட்டதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.